கைப்பேசியை இப்போது மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

(குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்கத் தக்க சில விஷயங்கள்)

குடியானவருக்கு உதவும் கருவிகளுள் ஸ்மார்ட்போன் எனப்படும் கைப்பேசியும் இக்காலத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. கலப்பையின் கொழு தேய்ந்தாலும், பம்புசெட்டின் மோட்டார் காயில் எரிந்தாலும், பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று கணக்குப் பார்த்தே குடியானவர் முடிவு செய்கிறார். கைப்பேசி விஷயத்தில் மட்டும் பெரும்பாலோர் அவ்விதம் செய்வதில்லை. ஒரு சாரார் கடைக்காரரின் பேச்சையும் பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டு, நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் கருவியைக் கழித்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், கருவி அடியோடு நின்றுபோகும் வரையில் வைத்திருந்து, மிக அவசரமான சமயத்தில் செய்வதறியாது திகைக்கின்றனர். இரண்டும் நஷ்டத்திற்கே இடமாகும். மாற்றுவதற்குத் தக்க காலம் எது, பொறுத்திருக்கத் தக்க காலம் எது என்பதை அறிந்துகொள்ளும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

கைப்பேசியைக் கொண்டு நடைபெறும் காரியங்கள்

முதலாவது, கருவி எக்காரியத்திற்கு வேண்டும் என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2018-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தொடங்கப்பட்ட உழவன் செயலியின் மூலம் மானியத் திட்டங்கள், விதை மற்றும் உர இருப்பு, சந்தை விலை, வானிலை முதலிய விவரங்களை அறியலாம். 2019-ஆம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில், ஆண்டுக்கு ரூ. 6,000, மூன்று தவணைகளாகக் குடியானவரின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. இதற்கு வேண்டிய அடையாளச் சரிபார்ப்பை முகத்தைக் காட்டியே முடித்துக்கொள்ளும் வசதி 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அத்திட்டத்தின் செயலியில் சேர்க்கப்பட்டது. வயல் வேலையால் விரல் ரேகை தேய்ந்து, ரேகை வைக்கும் இயந்திரத்தின் முன் பன்முறை அலைந்தவர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

எல்லாவற்றினும் முக்கியமானது பயிர்க் காப்பீடு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஒருவர், கதிரை அறுத்து வயலிலேயே உலரப் போட்டிருக்கையில், அறுவடையிலிருந்து 14 நாட்களுக்குள் புயலினாலோ பருவம் தவறிய மழையினாலோ சேதம் நேருமாயின், 72 மணி நேரத்திற்குள் தகவல் தெரிவித்தாக வேண்டும். இதைப் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் புகைப்படத்துடன் தெரிவிக்கலாம். 14447 என்னும் எண்ணில் பேசியும் தெரிவிக்கலாம். அந்த மூன்று நாட்களில் கைப்பேசி இயங்காமற் போவதால் உண்டாகும் நஷ்டம், கைப்பேசியின் கிரயத்தைப் போல் பல மடங்காக இருக்கக்கூடும்.

ஆயினும் எல்லாக் காரியத்திற்கும் ஸ்மார்ட்போன் அவசியம் என்று எண்ணுதல் கூடாது. 2004-ஆம் வருஷம் முதல் நடைபெற்று வரும் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்னும் எண்ணில் சாதாரண பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. ரகசிய எண்ணாகிய ஓ.டி.பி. வருவதற்கும் பட்டன் போனே போதும். ஆதாரிலும் வங்கியிலும் பதிந்துள்ள எண் நிலச் சொந்தக்காரரின் கையில் இருப்பதே முக்கியம். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் மகனின் எண்ணைப் பதிந்து வைத்துவிட்டுத் தாயார் புதிய கைப்பேசி வாங்குவதால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. இத்தகைய இடங்களில் மாற்ற வேண்டியது எண்ணையே ஒழியக் கருவியையன்று.

குறை எங்கே என்று அறிதல்

பயிர் மஞ்சளித்தவுடன் யூரியாவைத் தெளிப்பது எப்படித் தவறோ, அப்படியே கைப்பேசி மந்தமானவுடன் புதிது வாங்குவதும் தவறு. மஞ்சளிப்புக்குத் தழைச்சத்துக் குறைவும் காரணமாகலாம், நீர் தேங்கி நிற்பதும் காரணமாகலாம். கைப்பேசிக்கும் குறைகள் பலவகை. அவற்றுள் பெரும்பாலானவை சிறு செலவில் தீர்வன.

(1) இடம் நிறைந்து போதல்: வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வந்து சேரும் காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் கருவியின் சேமிப்பிடத்தை நிரப்பிவிடுகின்றன. இடம் ஏறக்குறைய முழுதும் நிறைந்த கருவி மந்தமாகும். செயலிகளின் புதிய பதிப்பை ஏற்க மறுக்கும். புகைப்படமும் எடுக்க முடியாது. வேண்டாதவற்றை அழித்தாலே கருவி பழைய சுறுசுறுப்பை அடைவதுண்டு. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

(2) சார்ஜ் ஏறாமை: களத்துத் தூசியும் உமித் தூளும் சார்ஜர் சொருகும் துவாரத்தில் அடைந்துகொள்ளும். கருவியை நிறுத்திவிட்டு, உலர்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஊசி, குண்டூசி முதலிய உலோகங்களை நுழைத்தல் கூடாது. வேறொரு கேபிளையும் சார்ஜரையும் கொண்டு சோதித்துப் பார்ப்பதும் நலம்.

(3) சிக்னல் இன்மை: அதே நிறுவனத்தின் சிம் உள்ள வேறொரு கைப்பேசியை அதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் சிக்னல் இல்லையெனில் குறை டவரில் உள்ளது. புதிய கைப்பேசி அதைத் தீர்க்காது.

(4) சீக்கிரம் சார்ஜ் இறங்குதல்: இது பாட்டரியின் முதுமை. இதைத் தனியாகக் கவனிப்போம்.

பாட்டரியின் ஆயுள்

கைப்பேசியில் உள்ள லித்தியம் பாட்டரி, மாட்டின் பல்லைப் போல், வயது ஏற ஏறத் தேய்வது இயல்பு. முழுதும் ஏற்றி முழுதும் இறக்குவதை ஒரு சுற்று என்று கொண்டால், சில நூறு சுற்றுகளுக்குப் பின் அதன் கொள்ளளவு நூற்றுக்கு எண்பது பங்காகக் குறைகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு சுற்று செலவழிப்பவருக்கு இது இரண்டு மூன்று வருஷங்களில் நேரும். வெப்பம் இத்தேய்வைத் துரிதப்படுத்தும். சித்திரை வெயிலில் டிராக்டரின் மேலோ, வரப்பின் மேலோ கைப்பேசியை வைத்துவிட்டு வேலை பார்ப்பதும், சார்ஜ் ஏறும்போதே நெடுநேரம் படம் பார்ப்பதும் பாட்டரிக்குத் தீங்கு. எப்போதும் நூறு வரையில் ஏற்றாமலும், அடியோடு இறங்கவிடாமலும், இருபதுக்கும் எண்பதுக்கும் இடையே வைத்துக்கொண்டால் ஆயுள் நீடிக்கும்.

கருவியின் மற்ற பாகங்கள் நன்றாக இருந்து பாட்டரி மட்டும் தளர்ந்திருந்தால், புதிய பாட்டரி மாற்றுவதே சிக்கனம். அந்நிறுவனத்தின் சேவை நிலையத்தில், அசல் பாட்டரியையே போட்டுக்கொள்ள வேண்டும். மலிவான போலிப் பாட்டரிகள் சூடேறி ஆபத்தை விளைவிக்கக்கூடும். கருவியின் பின்புறம் உப்பிக் காணப்பட்டால் அந்நிமிஷமே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். உப்பிய பாட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீப்பற்றுவதற்கு ஏதுவாகும்.

மென்பொருளின் ஆயுள்

பாட்டரியை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம். மாற்ற முடியாத ஆயுள் ஒன்று உண்டு. அது கருவியை இயக்கும் மென்பொருளுக்கு நிறுவனம் அளிக்கும் ஆதரவு. திருடர்கள் புகும் வழிகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவனங்கள் குறித்த காலம் வரையில் மட்டுமே அனுப்புகின்றன. அக்காலம் கழிந்தபின், வேலி சரிந்த தோட்டம் போல் கருவி நிற்கிறது. மேலும் சில வருஷங்கள் சென்றால், வங்கிச் செயலிகள் அப்பழைய பதிப்பில் இயங்க மறுத்துவிடும்.

இக்காலம் கருவிக்குக் கருவி வேறுபடும். 2023-ஆம் வருஷம் அக்டோபரில் வெளிவந்த கூகுள் பிக்ஸல் 8, 2024-ஆம் வருஷம் ஜனவரியில் வெளிவந்த சாம்சங் காலக்ஸி எஸ்24 ஆகியவற்றிற்கு ஏழு வருஷ ஆதரவு வாக்களிக்கப்பட்டது. குறைந்த விலைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் இதனினும் குறைவே. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2025-ஆம் வருஷம் ஜூன் 20 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னரும் குறைந்தது ஐந்து வருஷம் மென்பொருள் திருத்தங்கள் அளிக்கப்பட வேண்டும். 800 சுற்றுகளுக்குப் பின்னும் பாட்டரி நூற்றுக்கு எண்பது பங்கு தாங்க வேண்டும். அவ்விதிகள் இந்நாட்டைக் கட்டுப்படுத்தா. ஆயினும் நல்ல கருவியிடம் எதிர்பார்க்கத் தக்கது எது என்பதற்கு அவை ஓர் அளவுகோல்.

கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில், கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைக் காணலாம். அது சில மாதங்களுக்கு உட்பட்டதானால் கவலை வேண்டாம். இரண்டு மூன்று வருஷங்களுக்கு முற்பட்டதாயின், அக்கருவியில் வங்கிக் காரியங்களை நடத்துவது உசிதமன்று. அதே சமயத்தில், புதிய கருவி வைத்திருந்தாலும், பி.எம். கிசான் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலிகளைத் தாமே ஏற்றிக்கொள்பவரை எத்திருத்தமும் காப்பாற்றாது. பணம் களவுபோனதாகத் தெரிந்தால் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும்.

4ஜியா, 5ஜியா?

இந்தியாவில் 5ஜி சேவை 2022-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டுத் தயாரிப்பான 4ஜி சேவை 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. மேலே கூறிய செயலிகள் யாவும் 4ஜியில் நன்றாக நடைபெறுவன. ஆகவே 5ஜி இல்லை என்ற ஒரே காரணத்திற்காக நல்ல 4ஜி கருவியைக் கழிப்பது வீண் செலவு. ஆனால் வேறு காரணங்களால் புதிது வாங்குவது என்று முடிவாகிவிட்டால், ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டிய கருவியாகையால், 5ஜி உள்ளதையே வாங்குதல் தகும். பழைய 3ஜி கருவி வைத்திருப்போர் மட்டும் இனிப் பொறுத்திருப்பதால் லாபமில்லை.

பொறுத்திருந்தால் விலை இறங்குமா?

புதிய மாதிரி வந்தவுடன் முந்தைய மாதிரியின் விலை இறங்குவது வழக்கம். தீபாவளியை ஒட்டித் தள்ளுபடிகளும் வரும். ஆகவே இன்னும் பொறுத்தால் இன்னும் மலியும் என்று எண்ணிக் காலத்தைக் கடத்துவோர் உண்டு. இந்த எண்ணம் எப்போதும் பலிப்பதில்லை. 2025-ஆம் வருஷக் கடைசியில், செயற்கை நுண்ணறிவுக் கணினி நிலையங்களின் தேவை பெருகியதால், கைப்பேசியில் பயன்படும் நினைவகச் சில்லுகளின் விலை வெகுவாக ஏறியது. அதனால் கைப்பேசிகளின் அடக்க விலையும் ஏறிற்று.

காத்திருத்தலுக்குத் தேதி குறிப்பிடத் தக்க காரணம் ஒன்று இருக்க வேண்டும். 2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாத முதலில், டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறையும் என்றும், அது அம்மாதம் 22-ஆம் தேதி முதல் அமலாகும் என்றும் அறிவிக்கப்பட்டது. அச்சமயம் டிராக்டர் வாங்க இருந்தவர் மூன்று வாரம் பொறுத்தது புத்திசாலித்தனம். கைப்பேசி மீதான வரியோ 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி 12-லிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. 2025-ஆம் வருஷத்துக் குறைப்பில் அது சேரவில்லை. இவ்வாறு தெரிந்த காரணத்திற்காகச் சில வாரம் காத்திருப்பது வேறு. காரணமின்றி வருஷக்கணக்கில் காத்திருப்பது வேறு.

வருஷச் செலவுக் கணக்கு

கருவியின் விலையைப் பார்ப்பதைவிட, அது வருஷம் ஒன்றுக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்று பார்ப்பதே சரியான முறை. கணக்கின் பொருட்டு, ஒரு கைப்பேசியின் கிரயம் ரூ. 15,000 என்றும், பாட்டரி மாற்றும் செலவு ரூ. 1,500 என்றும் வைத்துக்கொள்வோம்.

மூன்று வருஷத்தில் கழித்தால்: 15,000 ÷ 3 = வருஷத்திற்கு ரூ. 5,000.
பாட்டரி மாற்றி ஐந்து வருஷம் வைத்திருந்தால்: 16,500 ÷ 5 = வருஷத்திற்கு ரூ. 3,300.
வித்தியாசம்: வருஷத்திற்கு ரூ. 1,700, ஐந்து வருஷத்தில் ரூ. 8,500.

இத்தொகை ஒரே வீட்டில் மூன்று கைப்பேசிகள் இருப்பின் மும்மடங்காகும். மற்றொரு பக்கம், மென்பொருள் ஆதரவு இரண்டு வருஷமே உள்ள ரூ. 9,000 கருவியின் வருஷச் செலவு ரூ. 4,500 ஆகிறது. மலிவான கருவி எல்லாம் சிக்கனமல்ல என்பதும் இதனால் விளங்கும். தவணையில் வாங்குவோர், தவணைகள் யாவற்றையும் கூட்டி வரும் தொகையையே கிரயமாகக் கொண்டு கணக்கிட வேண்டும்.

பருவமும் பணமும்

குடியானவரின் வருமானம் மாதச் சம்பளம் போல் வருவதன்று. சம்பா பட்டத்தில் தீபாவளிச் சமயம் என்பது நடவுக் கூலியும் உரச் செலவும் கைப்பணத்தைக் கரைத்துவிட்ட காலம். தள்ளுபடி என்னும் ஆசைக்காக அப்போது கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கினால், தள்ளுபடியை வட்டி விழுங்கிவிடும். தை, மாசியில் நெல் விற்ற பணம் கைக்கு வரும்போது ரொக்கமாக வாங்குவதே மேல்.

ஆனால் இவ்விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களே புயலும் பெருமழையும் உண்டாகும் காலம். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் பல கிராமங்கள் நெடுநாள் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய சமயத்தில், அரை நாள் கூடத் தாங்காத பாட்டரி உள்ள கைப்பேசி இருந்தும் இல்லாததற்குச் சமானம். ஆகவே கருவியைப் புதிதாக வாங்குவதைத் தைக்குத் தள்ளினாலும், பாட்டரி மாற்றுவதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுதல் வேண்டும். ஒரு பவர் பாங்கை முழுதும் ஏற்றி வைத்துக்கொள்வதும் அவசியம்.

மூன்று உதாரணங்கள்

முதலாமவர், மூன்று ஏக்கர் சம்பா பயிரிடுபவர். கைப்பேசி வாங்கி மூன்று வருஷமாகிறது. திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன, சார்ஜ் மட்டும் பிற்பகலிலேயே இறங்கிவிடுகிறது. இவர் பாட்டரியை மாற்றிவிட்டு, இன்னும் இரண்டு வருஷம் பொறுத்திருக்கலாம்.

இரண்டாமவர், தோட்டக்கால் வைத்துக் காய்கறி விளைவிப்பவர். கைப்பேசி ஏழு வருஷத்தது. திருத்தங்கள் நின்று நான்கு வருஷமாகின்றன. வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. விற்ற பணம் வந்ததா என்று அறிய ஒவ்வொரு முறையும் வங்கிக்குச் செல்கிறார். இவர் பொறுத்திருப்பதில் லாபமில்லை. உடனே மாற்றுவதே தகும்.

மூன்றாமவர், ஒரு கிராம அதிகாரி. வயல்வெளியில் நின்று இடக்குறிப்புடன் புகைப்படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டியவர். அவருடைய கருவி, இடத்தைப் பல அடி தூரம் தவறாகக் காட்டுகிறது. முதலில் வெட்டவெளியில் சற்று நேரம் நின்று, இருப்பிட வசதியைத் துல்லிய நிலையில் வைத்துச் சோதிக்க வேண்டும். அப்படியும் சர்வே எண் மாறிப் பதிவாகுமானால் மாற்றிவிட வேண்டும். ஏனெனில் அப்பிழையின் பலனை அனுபவிப்பவர் அவரல்லர்; அந்தச் சர்வே எண்ணுக்குரிய குடியானவரே.

வாங்கும்போதும் கழிக்கும்போதும்

பழைய கைப்பேசியை விலைக்கு வாங்குவோர், அதில் *#06# என்று அழுத்தி, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் காண வேண்டும். கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தட்டி, சிறிது இடம் விட்டு, அவ்வெண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் கருவியின் விவரம் பதிலாக வரும். திருட்டுக் கருவி என்று தடுக்கப்பட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். ரசீதின்றி வாங்குதல் கூடாது. சொந்தக் கைப்பேசி காணாமற்போனால், 2023-ஆம் வருஷம் மே மாதத்தில் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தின் மூலம் அதை முடக்கலாம். இதற்காக ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தல் நலம்.

பழையதைக் கொடுத்துவிடுமுன், தொடர்பு எண்களையும் படங்களையும் நகல் எடுத்துக்கொண்டு, வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, கூகுள் கணக்கை நீக்கி, பிறகே கருவியை முழுதும் அழிக்க வேண்டும். நிலப் பட்டா, ஆதார், பாஸ்புத்தகம் ஆகியவற்றின் படங்கள் அந்நியர் கையில் சேர்வது ஆபத்து. புதிய கருவியில் எல்லாம் ஒழுங்காக நடைபெறுவதைக் கண்ட பின்னரே பழையதைக் கைவிடுக. உபயோகமற்ற கருவியைக் குப்பையிலோ வயலிலோ எறியாமல், மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

சுருக்கம்

1. குறை இடத்திலா, பாட்டரியிலா, டவரிலா, மென்பொருளிலா என்று முதலில் அறிக.
2. முதல் மூன்றானால் பழுது பார்த்துப் பொறுத்திருக்கவும்.
3. பாதுகாப்புத் திருத்தம் நின்று வெகுகாலமாகி, வங்கி அல்லது அரசாங்கச் செயலிகள் இயங்காவிட்டால், தாமதியாமல் மாற்றவும்.
4. வாங்குங்கால், இன்னும் எத்தனை வருஷம் திருத்தம் வரும் என்று கேட்டு, வருஷச் செலவைக் கணக்கிடவும். சேமிப்பிடம் 128 ஜி.பி.க்குக் குறையாமல் இருப்பது நலம்.
5. கடன் வாங்காமல், அறுவடைப் பணத்தில் வாங்கவும். புயல் காலத்திற்கு முன் பாட்டரியைச் சரிசெய்து கொள்ளவும்.
6. ஆதாரிலும் வங்கியிலும் பதிந்த எண் தம் கையில் உள்ளதா என்று இன்றே பார்க்கவும்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களைக் கிராம சபைக் கூட்டங்களில் எடுத்துச் சொல்லி, முக்கியமாக 72 மணி நேர விதியையும் 14447 என்னும் எண்ணையும் யாவரும் அறியச் செய்வார்களாயின், குடியானவர்களுக்குப் பெரிதும் நன்மை விளையும்.